நாற்பது வேலி நிலமும் ஒரு தீக்குண்டமும்

(விருதுநகரில் நாடகம் தயாரித்துவரும் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நந்தனார் நாடகம் போடப் போறோம், அதுபத்தி வந்து பேசுங்கன்னு கூப்பிட்டீங்க. வந்த பிறகுதான் தெரியுது, உங்களுக்குள்ள ஏற்கெனவே ஒரு சண்டை ஓடிக்கிட்டிருக்கு. கடைசிக் காட்சியில் நந்தனைத் தீயில் இறக்குவதா, வேண்டாமா என்பது சண்டை. ஒரு பக்கம், 'இருக்கிறதை அப்படியே போடுவோம், பாட்டு நல்ல பாட்டு, சனம் உக்காந்து கேக்கும்' என்கிறது. இன்னொரு பக்கம், 'இந்தக் கதையையே தொடக்கூடாது, நம்மைக் கும்பிடு போட வைக்கிற கதை' என்கிறது. எனக்கு இரண்டு பக்கத்தோடும் முழுச் சம்மதம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன். முடிவு எடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

இந்தக் கதை எங்கிருந்து கிளம்பி எப்படி ஒரு ராத்திரி நாடகமாக வளர்ந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையில் நந்தனுக்குக் கிடைத்தது ஒரு வரிகூட முழுசா இல்லை. பெயரும் இல்லை. 'திருநாளைப் போவார்' என்கிற பட்டம் மட்டும். பிறகு நம்பியாண்டார் நம்பி அந்தாதியில் ஒரு பாட்டு ஒதுக்கினார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் 37 பாட்டில் கதையாகச் சொன்னார். அதை எடுத்து 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையும் விருத்தமும் நொண்டிச்சிந்துமாக முழு இசைப் படைப்பாக ஆக்கினார். 1860களின் தொடக்கத்தில் அச்சில் வந்தது. காரைக்காலில் இருந்த சீசய்யா என்கிற பிரெஞ்சு அதிகாரி முன்னின்று அச்சாக்கினார். கதாகாலட்சேபமாகப் பாடியதுதான் பின்னால் நாடக மேடைக்கு வந்தது. 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்தில் நந்தனாக நடித்தார். 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தன். நம்ம தாத்தா பாட்டிகளுக்குத் தெரிஞ்ச நந்தன் இந்த நந்தன்தான். சேக்கிழாரை அவங்க படிக்கலை.

இப்ப ரெண்டு நந்தனையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பாருங்க.

சேக்கிழாரின் நந்தன் கொள்ளிடக் கரையில் ஆதனூர்ப் புலைப்பாடியில் இருக்கிறான். ஊர்த்தொழிலுக்காக விடப்பட்ட மானிய நிலம் அவனுக்கு உண்டு. அதை வைத்துச் சாப்பிடுகிறான். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கிறான். அதாவது அவன் கொடுத்த தோல் கோயிலுக்குள்ளே போகும், அவன் போகக்கூடாது. இந்த இடத்தை நம் அருந்ததியத் தோழர்கள் ஒருமுறைக்கு இருமுறை படிக்கணும். இந்த வட்டாரத்தில் நம் கையில் சுருட்டிய வெடி எந்தத் திருவிழாவிலும் சாமி முன்னாடி வெடிக்கும். சுருட்டின கை எங்கே நிற்கும் என்பது அந்தந்த ஊரைப் பொறுத்தது.

இந்த நந்தனுக்குச் சிதம்பரம் போக ஆசை. ஆனால் தன் பிறப்பை நினைத்துத் தயங்குகிறான். 'நாளைக்குப் போவேன்' என்று நாளைத் தள்ளிக்கொண்டே போகிறான். கவனியுங்கள், அவனைத் தடுக்க அங்கே ஆள் யாரும் இல்லை. எஜமான் இல்லை, கணக்குப்பிள்ளை இல்லை. தடை அவன் மனசுக்குள்ளேயே இருக்கிறது. சாதி மனசுக்குள்ளே குடியேறிவிட்டால் வெளியே காவல்காரன் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பாரதியாரின் நந்தனுக்கு மானிய நிலம் கிடையாது. அவன் பண்ணையாள். அவனுக்கு ஒரு எஜமான், வேதியர். சேக்கிழாரில் இல்லவே இல்லாத பாத்திரம் இது. சேரியில் ஒரு பெரிய கிழவனும் உண்டு. குலசாமியை விட்டுவிட்டுச் சிதம்பரம் என்ன சிதம்பரம், ஆண்டைக்குத் தெரிஞ்சா என்னாகும் என்று நந்தனோடு மல்லுக்கு நிற்கிற கிழவன். அவனும் புதுசு. இங்கேயும் நந்தன் 'நாளை நாளை' என்றுதான் சொல்கிறான். ஆனால் காரணம் மாறிவிட்டது. இப்போது அவன் போகாததற்குக் காரணம், ஆண்டை லீவு கொடுக்கவில்லை!

சிரிக்காதீங்க. இது சின்ன மாற்றம் இல்லை. 37 பாட்டில் ஒரு பக்தனின் மனத்தயக்கமாக இருந்ததை, பாட்டு நாடகம் ஒரு கூலிப் பிரச்சினையாக மாற்றிவிட்டது. தஞ்சைச் சீமையில் பண்ணையாள் முறை எப்படி இருந்தது என்பது, அங்கேயே பிறந்து வளர்ந்த அந்தப் பிராமணக் கவிஞருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை மேடையில் ஏற்றிவிட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இதில் இலக்கணப் பிழை இருக்கிறது என்று சிறப்புப்பாயிரம் கொடுக்க இழுத்தடித்தார் என்றும், பிறகு பாரதியார் பாடக் கேட்டு மனம் இளகிக் கொடுத்தார் என்றும் உ.வே.சா. எழுதியிருக்கிறார். பாயிரம் இழுபறியில் இருந்தாலும் சனம் பாட்டைப் பிடித்துக்கொண்டது. நம் சனமும்தான் பிடித்துக்கொண்டது. தன்னைப் போல ஒருத்தன் ஆண்டை முன்னாடி நின்று 'போகணும் சாமி' என்று கேட்கிறதை முதல்முறையாக மேடையில் பார்த்த சனம் அது.

அதனால்தான், 'தொடவே கூடாது' என்கிற தோழர்களிடம் சொல்கிறேன், அந்த வேதியர் காட்சியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்தக் காட்சி நமக்கு வேண்டும்.

ஆனால் அடுத்து என்ன நடக்கிறது? வேதியர் ஒரு நிபந்தனை போடுகிறார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டு அப்புறம் போ என்கிறார். ஒரு வேலி என்றால் ஆறரை ஏக்கருக்கு மேல். நாற்பது வேலி 260 ஏக்கருக்கு மேல் வரும். என் அத்தை ஒருத்தி தீப்பெட்டி ஆபீசில் கட்டு ஒட்டி, பிறகு பயர் ஆபீசுக்குப் போனவள். தீபாவளிக்கு முன்பணம் வாங்கியிருந்தாள். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ரெண்டு நாள் கேட்டதுக்கு போர்மேன் சொன்னது, 'இந்தச் சரக்கை முடிச்சுக் குடுத்துட்டுப் போ.' சரக்கு முடிந்தபோது கல்யாணம் முடிந்து மறுவீடும் முடிந்திருந்தது. வேதியருடைய குரல் எனக்குப் புதுசா கேட்கலை.

அத்தைக்கு யாரும் வந்து சரம் பின்னிக் கொடுக்கவில்லை. நந்தனுக்கு மட்டும் வந்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கடவுள் அருளால் நாற்பது வேலியும் விளைந்து அறுவடைக்கு நிற்கிறது. காலையில் பார்த்த வேதியர் அசந்துபோய் நந்தன் காலில் விழுகிறார். ஆண்டை அடிமை காலில் விழுகிற காட்சி. கைதட்டல் எழும்பும். ஆனால் நெல் யாருடையது? நாற்பது வேலி விளைச்சலும் வேதியர் களத்துக்குத்தான் போகுது. அற்புதத்தின் லாபம் ஆண்டைக்கு, புண்ணியம் நந்தனுக்கு. கூலிப் பிரச்சினையை எழுப்பிய அதே நாடகம், கூலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அதை முடித்து வைத்துவிட்டது. கும்பிடு மட்டும் திசை மாறியிருக்கிறது. நிலம் திசை மாறவில்லை.

கதை பாட்டு நாடகமாகும்போது இப்படிச் சேர்ப்பதும் விடுவதும் நம்ம ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் 1964இல் 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' என்று ஒரு இசை நாடகம் வந்தது. 3000 ஆட்டத்துக்கு மேல் ஓடியது. ஜார் காலத்து ரஷ்யாவில் ஒதுக்கி வைக்கப்பட்ட யூத கிராமம். அதில் டெவ்யே என்று ஒரு ஏழைப் பால்காரர், வரிசையாகப் பெண் பிள்ளைகள். மூலம், ஷோலெம் அலெய்க்கெம் இத்திஷ் மொழியில் 1894இலிருந்து இருபது வருசம் விட்டு விட்டு எழுதிய சிறுகதைகள். அந்தக் கதைகளில் ஒரு மகள், பணக்காரப் பையன் கைவிட்டதால் தண்ணீரில் விழுந்து சாகிறாள். நாடகத்தில் அந்த மகளின் சாவு இல்லை. விட்டுவிட்டார்கள். பாட்டுக்குள் அடங்காத சாவு போலிருக்கிறது. ஆனாலும் கடைசியில் எந்த அற்புதமும் வந்து அந்தச் சனத்தைக் காப்பாற்றவில்லை. ஊரை விட்டுப் போகச் சொல்லி உத்தரவு வருகிறது. வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். திரை விழுகிறது. கதையை எழுதியவரும் யூதர், நாடகமாக்கியவர்களும் யூதக் குடும்பங்களில் பிறந்தவர்கள். துரத்தப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதியதால், துரத்தினதை மறைக்கவில்லை.

நந்தன் கதையைச் சுந்தரர் சொன்னார், நம்பி சொன்னார், சேக்கிழார் சொன்னார், பாரதியார் சொன்னார். நாலு பேரில் சேரியில் பிறந்தவர் ஒருத்தரும் இல்லை. அதனால்தான் கதையை விரித்துச் சொன்ன சேக்கிழாருக்கும் பாரதியாருக்கும் முடிவு ஒன்றாகவே இருக்கிறது: தீ.

அந்தத் தீயைச் சேக்கிழார் எப்படிச் சொல்கிறார் என்று பாருங்கள். தில்லைக்குப் போன நந்தன் எல்லையிலேயே சுற்றிச் சுற்றி வருகிறான். கனவில் சிவன் வந்து தீயில் மூழ்கி வா என்கிறார். தில்லை அந்தணர்களுக்கும் உத்தரவு போகிறது. தெற்கு வாசல் மதிலுக்கு வெளியே குழியில் தீ வளர்க்கிறார்கள். நந்தன் இறங்குகிறான். பூணூலும் சடையுமாக முனிவராக எழுகிறான். கோயிலுக்குள் போகிறான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. இதைச் சேக்கிழாரே சொல்கிறார். ஒரு சேரி மனுசன் கோயில் வாசலில் தீக்குள்ளே இறங்கினான், பிறகு காணோம். பக்தர்கள் இதை முக்தி என்கிறார்கள். நம்மில் பலர் இதைக் கொலை என்று வாசிக்கிறோம். கொலை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், உள்ளே போனவன் புலையன் இல்லை, பூணூல் போட்டவன். புலையனாகவே ஒருத்தன் உள்ளே போக அந்தக் கதையில் வழி இல்லை.

வழி பிறகு மனுசர்கள் போட்டார்கள். 1939 ஜூலை 8ஆம் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் முன்னிற்க நம் ஆட்கள் போனார்கள். கக்கன் அதில் ஒருவர். எந்தத் தீயிலும் இறங்காமல், அப்பா அம்மா வைத்த பெயரோடு போனார்கள். இந்தச் சிவகாசியிலேயே நாடார்களின் கோயில் நுழைவு உரிமை பெரிய சண்டையாகி, 1899இல் ஊரே எரிந்த கலவரமானது. கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அதோடு அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. மகமை வசூலித்தார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், தொழில் வைத்தார்கள். அந்தத் தொழிலில் இன்றைக்கு நம் சனம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது வேறு கேள்வி. அதைக் கேட்காமல் இருக்க முடியாது.

நந்தனை நம் பெரியவர்களும் சும்மா விடவில்லை. அயோத்திதாசர் நந்தனைப் பௌத்த மன்னனாக எழுதினார். சுவாமி சகஜானந்தர் தீக்குண்டம் வளர்த்த அதே சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் பெயரில் கல்விக் கழகம் தொடங்கி நம் பிள்ளைகளுக்குப் படிப்பு கொடுத்தார். அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதோர்' நூலை ரவிதாசுக்கும் சொக்கமேளாவுக்கும் நந்தனுக்கும் காணிக்கையாக்கினார். இவர்கள் யாரும் தீக்குண்டத்தைக் கும்பிட்டவர்கள் இல்லை. ஆனாலும் நந்தனை எதிரியிடம் விட்டுக் கொடுக்கவில்லை. பெயர் நம்முடையது, கதையைத் திருப்பி எழுதுவோம் என்றார்கள்.

மேடையும் நம்முடையதுதான். இந்தச் சிவகாசியில் 1886இல் பிறந்தவர் விஸ்வநாததாஸ். நாவிதர் குடும்பம். இசை நாடக மேடையில் ராஜபார்ட். வெள்ளைக்காரனை வெள்ளைக் கொக்காக்கி அவர் பாடிய பாட்டுக்குப் போலீஸ் மேடையிலேயே காத்து நிற்கும். எத்தனையோ தடவை ஜெயில். அப்படிப்பட்டவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மாட்டோம் என்று சாதியைக் காரணம் காட்டி நடிகைகள் பலர் மறுத்தார்கள். 1940 டிசம்பர் 31ஆம் தேதி சென்னையில் வள்ளி திருமணம் நாடகம். முருகனாக மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் உயிர் போனது. ராத்திரி முழுக்கக் கடவுளாக இருக்கலாம், விடிந்தால் சாதி காத்துக்கொண்டிருக்கும் என்பதுதான் அந்த மேடையின் சட்டம். அந்தச் சட்டத்துக்குள்ளேயே நின்றுகொண்டு அவர் அரசாங்கத்தை எதிர்த்துப் பாடினார். நீங்கள் ஏறப்போவது அவர் ஏறிய மேடை.

இனி உங்கள் கடைசிக் காட்சி. ஒரு தம்பி சொன்னான், 'அண்ணே, தீ எபெக்டுக்குக் கவலையே இல்ல, நம்ம ஊர் மருந்து இருக்கு, ஜெகஜோதியா காட்டிரலாம்.' ஆர்வத்தில் சொன்னது, தப்பில்லை. ஆனால் யார் முன்னாடி காட்டப் போகிறோம் என்று யோசிக்கணும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் இந்த நாடகத்தைப் போடப் போகிறீர்கள். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிபட்டியில் 38 பேர் செத்தார்கள். வேலை பார்த்தவர்கள் மட்டும் இல்லை, வெடிச்சத்தம் கேட்டுத் தூக்கிவிட ஓடின அக்கம்பக்கத்துச் சனமும் அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். நடுவில், பின்னால், ஒண்ணு ரெண்டு என்று பத்திரிகையில் உள்பக்கத்தில் போனவர்கள் கணக்கு தனி. உங்கள் நாடகத்துக்கு முன்வரிசையில் வந்து உட்காரும் அம்மாக்களில் யார் வீட்டுக்காரர், யார் மகள் அப்படிப் போனவர் என்று உங்களுக்குத் தெரியாது. மருந்துக் கலவை அறையில் கருகினவரை, துணி சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தபோது முகம் பார்க்க முடியாமல் வாங்கினவர்கள் அவர்கள். அவர்கள் முன்னாடி, தீக்குள்ளே போனவன் சோதியாக எழுந்து வந்தான் என்று பாட்டுப் பாடிக் காட்டுவீர்களா? யாரும் எழுந்து வரலை, தோழர்களே.

நந்தனின் தீயும் இந்தத் தீயும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. அது சடங்கு, இது தொழில். ஒரு அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று விதி இருக்கிறது. குத்தகை, உள்குத்தகை, அவசர ஆர்டர் என்று வரும்போது விதி மீறப்படுகிறது, உராய்வில் பொறி பறக்கிறது. இதற்குக் காரணம் விதி அல்ல, தலையெழுத்து அல்ல. ஆனால் செத்த பிறகு ஊரில் பேசுவதைக் கேளுங்கள். 'அவ விதி முடிஞ்சது', 'சாமி கூப்பிட்டுக்கிச்சு.' இந்தப் பேச்சு எங்கே கற்றுக் கொடுக்கப்பட்டது? எழை தீயில் போனால் அதற்கு ஒரு புனித அர்த்தம் உண்டு என்று நூற்றாண்டு நூற்றாண்டாகப் பாடிக் காட்டிய மேடையிலும்தான். 1968 டிசம்பர் 25 ராத்திரி, அதே தஞ்சைச் சீமையில், வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வு. கூலி கேட்ட நந்தன்களுக்கு நாற்பது வேலி அற்புதம் நடக்கவில்லை. தீ மட்டும் நிஜமாக வந்தது.

அதனால் என் யோசனை மூன்று. ஒன்று, வேதியர் காட்சியை முழுசாகப் போடுங்கள். பாட்டையும் பாடுங்கள். பெரிய கிழவனை வெட்டாதீர்கள், அவனுடைய பயத்தில் நம்ம அப்பன்களின் பயம் இருக்கிறது. இரண்டு, நாற்பது வேலி விளைந்த காலையில் ஆண்டையைக் காலில் விழ வைத்துக் கைதட்டல் வாங்காதீர்கள். சேரி மொத்தமும் மேடைக்கு வரட்டும். ராத்திரி பூரா யார் நட்டது, யார் களை எடுத்தது, நெல் எந்தக் களத்துக்குப் போகுது என்று கேட்கட்டும். முன்பணம், சரக்கு, லீவு என்று நம்ம வார்த்தையிலேயே கேட்கட்டும். வசனத்தை எழுத வேண்டியவர்கள் பயர் ஆபீசுக்குப் போகிற உங்கள் அக்காமார். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். சுந்தரரிலிருந்து பாரதியார் வரை கேட்காத இடம் அது.

மூன்று, தீ வேண்டாம். விளக்கும் வேண்டாம், சிவப்புத் துணியும் வேண்டாம், மருந்து வேண்டவே வேண்டாம். நந்தன் தெற்கு வாசலுக்கு வரட்டும். குழி வெட்டியிருக்கட்டும். இறங்கு என்று சொல்லட்டும். அவன் 'நான் ஏன் இறங்கணும், நான் கொடுத்த தோல் உள்ளே அடிக்குது கேக்கலையா' என்று கேட்கட்டும். உள்ளேயிருந்து பேரிகைச் சத்தம் வரட்டும். வெளியே நம் பறை அதற்குப் பதில் சொல்லட்டும். அந்த இடத்தில் நாடகத்தை நிறுத்திவிட்டு, அரங்கில் இருக்கிறவர்களைப் பேச விடுங்கள். பேசுவார்கள். ரொம்ப நாளாக அவர்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஒத்திகைக்குக் கூப்பிடுங்க, வர்றேன். பறைக்கு ஆள் குறைஞ்சா சொல்லுங்க.

ஜெய் பீம்.